சேப்பாக்கம் பேரில் தங்கப் பதக்கம் வேண்டாம்

அன்புள்ள முன்னாள் மாணவர் சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கும், 1986–89 பி.ஏ. பொருளாதாரம் வகுப்பில் என்னோடு உட்கார்ந்தவர்களுக்கும், வணக்கம்.

சத்துவாச்சாரியில் நடந்த கூட்டத்துக்கு நான் வந்திருந்தேன். கடைசி வரிசையில் இருந்தேன். மறைந்த நம் நண்பன் பேரில் நிதி திரட்டி வங்கியில் போடுவது, அந்த வட்டியில் ஆண்டுதோறும் பொருளாதாரத் துறையில் முதல் மதிப்பெண் வாங்கும் மாணவருக்குத் தங்கப் பதக்கம் கொடுப்பது என்று தீர்மானம் போட்டீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் எதற்குக் கை தட்டிவிட்டு வந்திருக்கிறேன் என்று உறைத்தது. அங்கேயே எழுந்து பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. சங்கத்துக்கு மட்டும் தபாலில் அனுப்பினால் ஃபைலுக்குள் போய்விடும் என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். தப்பாக நினைக்க வேண்டாம்.

அவன் சொந்தப் பேரை இங்கே எழுதப் போவதில்லை. நம்மில் யாரும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. அவன் நமக்குச் சேப்பாக்கம். மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குடியாத்தம் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் தன் ஜெராக்ஸ் கடை ஷட்டரைப் பாதி தூக்கியவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். அவ்வளவுதான். வயது 57. எனக்கு மத்தியானமே தகவல் வந்தது. ஆடிட் நடந்துகொண்டிருந்தது, போகவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் போனேன். அங்கே நம் வகுப்பின் சார்பில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தீர்கள். ‘கல்வியில் சிறந்த மாணவன்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பேனருக்குக் கீழே நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பான்.

இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கு அவன் பட்டப்பேர் புரியாது. நாம் சேர்ந்த காலத்தில் வட ஆற்காடு மாவட்டத்துக்கு என்று தனிப் பல்கலைக்கழகம் கிடையாது. நம் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. மார்க் ஷீட், ப்ரொவிஷனல், அரியர், பேர் திருத்தம், எதுவாக இருந்தாலும் காட்பாடியிலிருந்து ரயிலேறி 130 கிலோமீட்டர் போய்ச் சேப்பாக்கத்தில் நிற்க வேண்டும். நமக்கெல்லாம் சென்ட்ரலில் இறங்கினாலே திசை தெரியாது. அவனுக்குத் தெரியும். முதலாமாண்டிலேயே அவன் தெருக்காரப் பையன் ஒருவனுக்குத் துணையாகப் போய் வந்துவிட்டான். அதிலிருந்து யாருக்கு என்ன வேலை என்றாலும் அவன்தான். குடியாத்தத்தில் முதல் பஸ் பிடிப்பான். கே.வி.குப்பம், லத்தேரி வழியாகக் காட்பாடி. அங்கே ரயில். சென்ட்ரலில் இறங்கித் தீவுத்திடலைத் தாண்டி வாலாஜா சாலை வழியாக நடந்தே போவான், பஸ் காசு மிச்சம். ஏன்டா நடக்கிறாய் என்றால், “ஆற்காட்டு நவாப் பேர்ல ரோடு, ஆற்காட்டு நவாப் கட்டுன அரண்மனை, பக்கத்துல யுனிவர்சிட்டி. நம்ம ஊரு மாதிரிதான்டா இருக்குது” என்பான். சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவர் வாலாஜா நவாப் என்பதே எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும். வரலாற்று வகுப்பில் தூங்கியிருப்பேன்.

2002-ல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தது. முதலில் நம் வேலூர்க் கோட்டைக்குள்ளேயே இருந்து, அப்புறம் சேர்க்காட்டுக்குப் போனது. அப்போது எனக்குப் போன் செய்து, “இனிமே என்னைச் சேர்க்காடுன்னு கூப்பிடச் சொல்லுடா எல்லாரையும்” என்றான். யாரும் மாற்றவில்லை.

கையில் எப்போதும் ஒரு மஞ்சள் பை. அதற்குள் டி.டி., சலான், பச்சை மைக் கையெழுத்து வாங்கிய நகல்கள், ஆளுக்கொரு கட்டு. ஒவ்வொரு கட்டையும் பீடி நூலால் கட்டியிருப்பான். அவன் வீட்டில் எல்லோரும் பீடி சுற்றுகிறவர்கள். அவனும்தான். குடியாத்தத்தில் ஒற்றை அறையும் திண்ணையும் உள்ள வீடு. நான் போகும்போதெல்லாம் அவன் அம்மா திண்ணையில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். “வாப்பா” என்பார்கள், கை நிற்காது. ஊறிய இலையை அளவுத் தகட்டின் மேல் வைத்துக் கத்தரிக்கோலால் வெட்டுவது, ஒரு சிட்டிகை தூளைப் பரப்பி உருட்டுவது, நகத்தால் வாயை மடித்து அழுத்துவது, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி அறுப்பது. இத்தனையும் ஒரே அசைவாகத் தெரியும். அவன் பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்துகொண்டே எனக்குப் பொருளாதாரத்தில் ‘தேவை நெகிழ்ச்சி’ பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறான். புத்தகம் கால் கட்டைவிரலுக்கு அடியில் விரிந்திருக்கும், காற்றில் புரளாமல்.

அவன் சாது என்று நினைத்துவிட வேண்டாம். மகா கோபக்காரன். ஃபார்மில் தப்பாக எழுதினால் நம் முகத்துக்கு நேராகக் கிழித்துப் போட்டுவிட்டு, “போய் வேற வாங்கிட்டு வா” என்பான். வாங்கிப் போன புத்தகம் திரும்பி வராது. என்னுடைய புள்ளியியல் புத்தகம் இன்னும் அவன் வீட்டில்தான் இருக்கும்.

இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் மூன்று நாளாக எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தேன்.

1989 ஏப்ரல் தேர்வில் எனக்கு ஒரு தாளில் ‘தேர்வுக்கு வரவில்லை’ என்று ரிசல்ட் வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். யுனிவர்சிட்டியில் தப்புப் பண்ணிவிட்டார்கள் என்று உங்கள் எல்லோரிடமும் சொன்னேன். அப்பாவிடமும் அதையே சொன்னேன். கல்யாணத்துக்கு அப்புறம் என் வீட்டுக்காரியிடமும் அதே கதைதான். உண்மை என்னவென்றால், நான்தான் என் பதிவு எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை மாற்றிப் போட்டேன். முந்தின ராத்திரி தூக்கமில்லை. வேலூர் ஏப்ரல் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். மின்விசிறி எனக்கு இரண்டு வரிசை தள்ளி ஓடிக்கொண்டிருந்தது. முழங்கை வேர்வையில் தாள் நைந்துகொண்டிருந்தது. முதல் பக்கத்தை நிரப்பிவிட்டுத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

சேப்பாக்கம் ஒருவனுக்குத்தான் இது தெரியும். நான் சொல்வதற்கு முன்பே கேட்டுவிட்டான்: “நம்பரை ஒழுங்கா எழுதுனியாடா?” நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் இரண்டு பேரும் ரயிலேறினோம். வழியெல்லாம் நான் எப்படிச் சண்டை போட வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். அரக்கோணம் தாண்டியதும் ஒரு முழு வெள்ளைத்தாளை எடுத்து என் தொடையில் வைத்தான். “சண்டை போட்டா நாலு மாசம் இழுக்கும். தப்பு என்னுதுதான், மன்னிச்சு சரி பண்ணிக் குடுங்கன்னு எழுது. மனசிருக்கிற ஒருத்தர் தேடி எடுப்பாரு” என்றான். எழுதினேன். வண்டி ஆட்டத்தில் எழுத்தெல்லாம் கோணல். அங்கே ஒரு வயசான குமாஸ்தா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார், உள்ளே போனார். தேர்வு அறையின் வருகைத் தாளோடு ஒப்பிட்டு என் விடைத்தாளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சில வாரத்தில் மார்க் வந்தது.

அந்தத் தாள் தப்பியது. அதே ரிசல்ட்டில் எனக்கு உண்மையாகவே இரண்டு அரியர் இருந்தது, புள்ளியியலும் பொது நிதியும். அப்பா கோபத்தில் காசு தர முடியாது என்றுவிட்டார். கட்டணத்தைக் கட்டியது அவன். கடைசி நாளுக்கு முந்தின நாள் சலானைக் கொண்டுவந்து கொடுத்து, “நாலாயிரம் பீடிடா இது, ஞாபகம் வச்சுக்க” என்றான். அந்த வீட்டில் எல்லாக் கணக்கும் பீடியில்தான். அரிசி இத்தனை ஆயிரம், தங்கச்சிக்குப் பாவாடை இத்தனை ஆயிரம்.

அடுத்த தடவை எழுதிப் பாஸ் செய்தேன். அதை வைத்துத்தான் வங்கித் தேர்வு எழுதினேன். இன்று வரை சாப்பிடுகிற சோறு அந்த வேலையில் வருவது. முதல் சம்பளத்தில் திருப்பிக் கொடுக்கப் போனேன். “நான் பீடியாத்தான் வாங்குவேன், உக்காந்து சுத்து” என்றான். உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் பதினொரு பீடி. அவன் அம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துப் பதினொன்றையும் கழித்துவிட்டார்கள். கம்பெனியிலும் அப்படித்தானாம். சரியில்லை என்று கழிப்பார்கள், கழித்ததைத் திருப்பியும் தர மாட்டார்கள், கூலியும் கிடையாது. “பரீட்சை மாதிரியே இல்ல?” என்று சிரித்தான்.

அவன் கதையைச் சொல்கிறேன். ஊருக்கெல்லாம் ஆங்கில ஃபார்மைப் பிழையில்லாமல் நிரப்பிக் கொடுத்தவனுக்குப் பகுதி இரண்டு ஆங்கிலத்தில் அரியர். நாம் 1989-ல் வெளியே வந்தோம். அந்தச் செப்டம்பரில் மாவட்டத்தையே இரண்டாகப் பிரித்தார்கள். நாமும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். அவன் மட்டும் 1992 வரை அந்த ஒரு பாடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரொம்ப மக்கு என்றுதான் நான்கூட நினைத்தேன். காரியத்தன்று அவன் தங்கையிடம் பேசியபோதுதான் கணக்குப் புரிந்தது. அவன் ஃபெயிலானது இரண்டு தடவை. மற்ற தடவைகளில் எழுதவே இல்லை. ஒரு தடவை அம்மாவுக்கு இளைப்பு வந்து வீட்டில் பாதிக் கூலி நின்றுபோனது. இன்னொரு தடவை தங்கை கல்யாணம். பணம் கட்டவில்லை. ஃபெயிலானால் மார்க் ஷீட்டில் தெரியும். பணம் கட்டாதது எங்கே தெரியும்? அதற்குள் கூட்டுறவு வேலை ஒன்று கைக்கெட்டும் தூரம் வரை வந்து, டிகிரி இல்லை என்று போய்விட்டது. அவன் இதை யாரிடமும் சொன்னதில்லை. நாமும் கேட்டதில்லை.

அப்புறம்தான் ஜெராக்ஸ் கடை. அந்தக் கடையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பெயருக்குத்தான் ஜெராக்ஸ், பாதி நேரம் மனு எழுதுவது, பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன், கல்லூரி அட்மிஷன் என்று ஓடும். பேரணாம்பட்டு பக்கமிருந்து வரும் பெண் பிள்ளைகளுக்கு அரியர் ஃபார்ம் நிரப்பிக் கொடுப்பான். அதற்குக் காசு வாங்க மாட்டான். நகல் எடுப்பதற்கு வாங்கிவிடுவான், அதில் தாட்சண்யம் கிடையாது.

2020 ஆகஸ்டில், கொரோனா சமயம், அரியர் எல்லாம் பாஸ் என்று அரசு அறிவித்ததும் ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிக் கொண்டாடினார்கள். அன்று ராத்திரி அவன் போன் செய்தான். சந்தோஷமாக இருப்பான் என்று நினைத்தேன். “படிச்சியா? பரீட்சைக்குப் பணம் கட்டுனவனுக்குத்தான் பாஸாம். கட்டாதவன் என்னடா பண்ணுவான்? அவன்தானே நம்ம ஆளு” என்றான். பிறகு நீதிமன்றம் வரை போய், தேர்வு வைத்தே ஆக வேண்டும் என்று முடிந்தது. அது வேறு விஷயம். நாடே பாஸா ஃபெயிலா என்று பேசிக்கொண்டிருந்தபோது இவன் கண்ணுக்குப் பணம் கட்டாதவன் மட்டும்தான் தெரிந்தான். அந்தப் பேச்சை நான் அப்போது சரியாகக் காதில் வாங்கவில்லை.

அப்படிப்பட்டவன் பேரில் முதல் மதிப்பெண்ணுக்குப் பதக்கம் கொடுக்கப் போகிறோம்.

முதல் மார்க் வாங்கும் பிள்ளையைக் குறை சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க ஏற்கெனவே நம் கல்லூரியில் எத்தனை பரிசு இருக்கிறது என்று ஆண்டு விழா அழைப்பிதழைப் பார்த்தாலே தெரியும். ஒரே பெண்ணை ஏழெட்டுத் தடவை மேடைக்குக் கூப்பிட்டார்கள் போன வருடம், பாவம், கடைசியில் அவளுக்கே கூச்சம் வந்துவிட்டது. என் வேண்டுகோள் இதுதான்: நம் நண்பன் பேரில் சேரும் பணம் அரியர் கட்டணத்துக்குப் போகட்டும்.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது இதை அரைகுறையாகச் சொன்னேன். பொருளாளர் அவர்கள், “தோத்தவனுக்குப் பரிசா?” என்று கேட்டீர்கள். பரிசு என்று யார் சொன்னது? பணம் கட்டியதும் யாரும் பாஸாகிவிடுவதில்லை, உள்ளே போய் உட்கார்ந்து எழுத வேண்டும். எழுதக்கூட முடியாமல் வாசலில் நிற்பவனைப் பற்றித்தான் பேசுகிறேன். என்னையும் சேர்த்து நம் வகுப்பில் முதல் தடவையில் எல்லாவற்றையும் முடிக்காதவர்கள் எத்தனை பேர் என்று கையைத் தூக்கச் சொன்னால் அன்றைய கைத்தட்டலில் பாதிக் கை அங்கே இருக்கும்.

இன்னொரு நண்பர், இப்போதுதான் அரசு மாதா மாதம் 1000 ரூபாய் கொடுக்கிறதே என்றார். கொடுக்கிறார்கள், நல்ல திட்டங்கள். பெண் பிள்ளைகளுக்கு 2022-லிருந்து புதுமைப் பெண், பையன்களுக்கு 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன். ஆனால் அது அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்து வந்தவர்களுக்கு, அதுவும் படிக்கிற வரைக்கும்தான். மூன்று வருடம் முடிந்து, இரண்டு பாடம் பாக்கியோடு வெளியே வந்தவனுக்கு உதவித்தொகை கிடையாது, பஸ் பாஸ் கிடையாது, ஹாஸ்டல் கிடையாது. கல்லூரிப் பட்டியலிலும் இல்லை, பட்டதாரிப் பட்டியலிலும் இல்லை. ஆம்பூரில் ஷூ கம்பெனிக்கோ, ஏதாவது ஜவுளிக்கடைக்கோ வேலைக்குப் போயிருப்பான். ஃபார்ம் கொடுக்கும் தேதி அவனுக்கு யார் சொல்வது? அவன் வந்து விசாரிக்கவே ஒரு நாள் சம்பளம் போகும்.

அதனால் தீர்மானத்தைத் திருத்தும்போது படிப்பு முடித்து வெளியே போனவர்களையும் சேர்த்து எழுதுங்கள். வருமானச் சான்று, பரிந்துரைக் கடிதம் என்று புதிதாக ஒரு மஞ்சள் பை நிறையக் காகிதம் கேட்காதீர்கள். ஹால் டிக்கெட் நம்பரும் எந்தப் பாடம் என்பதும் போதும். மேடையில் கூப்பிட்டுக் கொடுப்பது, போட்டோ எடுப்பது, தயவுசெய்து வேண்டாம். யாருக்குக் கட்டினோம் என்பது கணக்குப் பார்க்கிறவருக்கும் அந்தப் பிள்ளைக்கும் தெரிந்தால் போதும். என் சலான் கதை 36 வருடம் வெளியே வரவில்லை, எனக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

கட்டணம் கட்டும் கடைசி வாரத்தில் ஆபீஸ் எதிரே ஒரு மேசை போட அனுமதி வாங்கிக் கொடுங்கள். பேனா, பசை, ஸ்டேப்ளர் நான் கொண்டு வருகிறேன். இப்போது ஆன்லைனில் கட்டுகிறார்கள் என்றால் என் பையன் பழைய லேப்டாப் ஒன்று சும்மாதான் இருக்கிறது. லீவு போட்டுவிட்டு நானே உட்காருகிறேன். பதிவு எண்ணை இரண்டு தடவை சரிபார்ப்பேன், அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு.

தங்கப் பதக்கம் கொடுத்தே தீர வேண்டும் என்று யாருக்காவது ஆசை இருந்தால், நான் போன பிறகு என் பேரில் கொடுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. புள்ளியியலுக்கு மட்டும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. போன வாரம் சேப்பாக்கத்தின் பையன் வங்கிக்கே வந்தான். கடையைக் காலி செய்கிறார்களாம். மேசை இழுப்பறையில் இருந்தது என்று ஒரு கட்டைக் கொடுத்தான். பீடி நூலால் கட்டியது, நூல் நிறமே போய்விட்டது. நம் வகுப்பில் 22 பேருடைய பழைய ஃபார்ம் நகல்கள் இருக்கின்றன. யார் யாருடையது என்று இங்கே எழுத மாட்டேன், தனித்தனியாகக் கொண்டுவந்து தருகிறேன். அடியில் என்னுடைய கடிதத்தின் நகல் இருந்தது. ‘தவறு என்னுடையதே’ என்று ரயில் ஆட்டத்தில் கோணலாக எழுதியது. அன்றைக்கு ஆபீஸில் கொடுப்பதற்கு முன்னால் இவன் எப்போது நகல் எடுத்தான், எதற்கு எடுத்தான் என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த கூட்டம் எப்போது என்று சொல்லுங்கள். அதை எடுத்துக்கொண்டு வருகிறேன். இந்தத் தடவை முன் வரிசையில் உட்காருகிறேன்.

இப்படிக்கு,
பி.ஏ. பொருளாதாரம் 1986–89,
ஜன்னலோரம், கடைசிக்கு முந்தின பெஞ்சு